காந்தம் ஒட்டுமா?

மின் அடுப்பு என்ற ஒரே பெயரில் கடைகளில் நான்கு விதமான அடுப்புகள் விற்பனையாகின்றன. கம்பிச் சுருள் சிவக்கச் சிவக்கக் காயும் பழைய காயில் அடுப்பு ஒன்று. அதே சுருளை இரும்புத் தட்டுக்குள் மூடி வைத்த ஹாட் பிளேட் இன்னொன்று. கண்ணாடித் தட்டுக்கு அடியில் செந்நிறமாக ஒளிரும் இன்ஃப்ராரெட் அடுப்பு மூன்றாவது. பாத்திரத்தின் அடியை மட்டும் காய வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு நான்காவது. மேலைநாட்டு வீடுகளில் ஒரே வகை அடுப்பு நான்கும் அவற்றின் கீழே ஓவனும் சேர்ந்து இடுப்பளவு உயரத்தில் ஒரே பெட்டியாக நிற்பது வழக்கம். தமிழ்நாட்டில் அந்தப் பெட்டி வேரூன்றவில்லை. இங்கே சமையல் மேடை கல்லால் ஆனது. அதன்மேல் ஒற்றை இண்டக்‌ஷனோ இரட்டை இண்டக்‌ஷனோ உட்கார்ந்துகொள்கிறது. கேக் சுடுகிற வீடு தனியாக ஓ.டி.ஜி. எனப்படும் சிறு மின் ஓவனை வாங்கிக்கொள்கிறது. திருவண்ணாமலைக் கடைத்தெருவில் கரண்ட் அடுப்பு என்று கேட்டால் எடுத்து வைக்கப்படுவது பெரும்பாலும் இண்டக்‌ஷன்தான்.

அக்கினித் தலமான இந்த ஊரில் தீ எரியாத அடுப்புக்குப் பல வகையான வீடுகளில் தேவை இருக்கிறது. ரமணாசிரமத்தைச் சுற்றியும் செங்கம் சாலையிலும் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு காஸ் இணைப்பு எடுப்பதும் திரும்பக் கொடுப்பதும் சுமை. ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் அவர்களுக்குச் சமையலறை தயார். பணி ஓய்வுக்குப் பின் மலையடிவாரத்தில் குடியேறிய முதியவர்களுக்கு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலை பெரிது. மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் காஸ் அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது; சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை சமாளிக்க அங்கே இன்னொன்று வேண்டும். இந்த மூன்று வீட்டுக்கும் ஒரே அடுப்பு பொருந்தாது.

கோடையும் ஒரு காரணம். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் குடித்த பாறை மலை, இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். காஸ் எரியும்போது சமையலறையில் ஃபேன் போட்டால் தீ அலைந்து சூடு வீணாகும் என்பதால், புழுங்கிக்கொண்டே சமைப்பது வழக்கமாகிவிட்டது. இண்டக்‌ஷனில் அலைவதற்குத் தீ கிடையாது. தலைக்கு மேல் ஃபேன் சுழலச் சுழல சோறு வேகும். தினமும் இரண்டு வேளை அடுப்பின் முன் நிற்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. விளம்பரங்களில் வேகமும் சிக்கனமும்தான் பேசப்படுகின்றன. இந்த ஊர்க் கோடையில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அடுப்பிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை வாட், என்ன பிராண்டு, எவ்வளவு தள்ளுபடி என்று பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாத்திரம் ஏற்கவில்லை, பிளக் பொருந்தவில்லை என்று தெரிகிறது. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வீட்டுப் பாத்திரம், அடுத்து சுவரில் உள்ள வயரிங், அதற்கடுத்து கரண்ட் பில். அடுப்பு கடைசி.

பாத்திரம் ஏன் முதலில் வருகிறது என்பது இண்டக்‌ஷன் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. கண்ணாடித் தட்டுக்குக் கீழே செம்புக் கம்பி தட்டையான சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அடுப்புக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அதை நொடிக்கு 20,000 சுழற்சிக்கும் மேலாக மாற்றிச் சுருளுக்குள் அனுப்புகிறது. அதனால் சுருளுக்கு மேலே ஒரு காந்தப்புலம் அதே வேகத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்தில் இரும்புப் பாத்திரத்தை வைத்தால் அதன் அடியில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. இரும்பில் அவை ஆழமாகப் பரவ முடியாமல் மெல்லிய படலத்துக்குள் நெரிபடுவதால் அடி சட்டென்று காய்கிறது. அலுமினியமும் செம்பும் மின்சாரத்துக்கு எளிதாக வழிவிடும் உலோகங்கள். அவற்றில் நெரிசலும் இல்லை, சூடும் இல்லை. மண், கல் பாத்திரங்களில் மின்னோட்டமே பிறக்காது.

ஆகவே சோதனை எளிது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலமாரியில் உள்ள பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இறுகப் பிடித்தால் அடுப்பில் ஏறும். வழுக்கி விழுந்தால் ஏறாது. லேசாக ஒட்டி ஊசலாடினால் காயும், ஆனால் மந்தமாகக் காயும்.

இந்தச் சோதனையில் வீட்டில் ஆகிவந்த பாத்திரங்களில் பாதி தோற்றுவிடும். பொங்கலுக்கு எடுக்கும் வெங்கலப் பானை, ரசத்துக்கான ஈயச் சொம்பு, வத்தக்குழம்பு கொதிக்கும் கல்சட்டி, மீன் குழம்புக்கான மண்சட்டி, பழைய அலுமினிய இட்லிப் பானை, சாதாரண அலுமினிய குக்கர் எதிலும் காந்தம் ஒட்டாது. எவர்சில்வர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் மின்னினாலும் நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் ஒட்டும். கெட்டியான, விலை கூடிய பாத்திரம் தோற்று, மலிவான பாத்திரம் தேறுவது இதனால்தான். இண்டக்‌ஷன் பாட்டம் என்று விற்கப்படும் குக்கர்களில் அடியில் மட்டும் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடு பதித்திருப்பார்கள். தேறும் பாத்திரங்களில் முதலிடம் இரும்பு தோசைக்கல்லுக்கு. ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை அடி வாணலியும், கீழே குழிகள் புடைத்து நிற்கும் பணியாரக்கல்லும் இரும்பாகவே இருந்தாலும் கண்ணாடியை ஓரிரு புள்ளிகளில்தான் தொடும். மற்ற இடமெல்லாம் புலத்துக்கு எட்டாமல் தூக்கி நிற்பதால் சூடு போதாது.

அளவும் முக்கியம். அடிப்பரப்பு சுமார் 10, 12 செ.மீ. குறுக்களவுக்குக் குறைந்தால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராமல் பீப் அடித்து நின்றுவிடும். கடுகு தாளிக்கும் கரண்டிக்கு இண்டக்‌ஷனில் இடமில்லை. சின்ன வாணலியில் தாளித்துக் குழம்பை அதில் கொட்டிக்கொள்ளும் பழக்கத்துக்குக் கை மாற வேண்டும்.

அலுமினியப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக்கொள்ள இரும்புத் தட்டு ஒன்று தனியாக விற்கிறார்கள். அதை வாங்காமலிருப்பது நல்லது. தட்டு காய்ந்து, அது பாத்திரத்தைக் காய வைப்பதற்குள் இண்டக்‌ஷனின் வேகமும் சிக்கனமும் போய்விடும். தட்டின் சூடு கண்ணாடி வழியே உள்ளே இறங்கிச் சுற்றுகளையும் வாட்டும். வெங்கலமும் கல்சட்டியும் இல்லாமல் சமைக்க மனம் வராத வீட்டுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பே சரி. அதில் எந்தப் பாத்திரமும் காயும். வேகம் குறைவு, மின்சாரம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், அணைத்த பிறகும் வெகுநேரம் தட்டு சுடும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கடைசிக் குறையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோசை வார்த்துப் பார்த்தால் அடுப்பின் தரம் தெரிந்துவிடும். விலை குறைந்த இண்டக்‌ஷனில் உள்ளே இருக்கும் சுருள் சிறியது, வெளியே தெரியும் கண்ணாடியும் அதன்மேல் வரைந்த வட்டமும் பெரியவை. அதில் அகலமான கல்லை வைத்து மாவை ஊற்றினால், நடுவில் வளையமாக ஒரு பகுதி மட்டும் பொன்னிறமாக முறுகும். வளையத்துக்கு வெளியே ஓரமெல்லாம் வெள்ளையாகப் பிசுபிசுத்து நிற்கும். ஓரம் வேகட்டும் என்று காத்திருந்தால் வளையம் கருகும். இரும்புக்கல் கனமாக இருந்து, மூன்று நான்கு நிமிடம் குறைந்த சூட்டில் நன்றாகக் காய்ந்த பிறகு வார்த்தால் இந்தக் குறை பாதியாகக் குறையும். தோசையும் சப்பாத்தியும் தினம் நடக்கும் வீடு, வாட்டை விடச் சுருளின் குறுக்களவைக் கடைக்காரரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் செய்துகாட்டும் அடுப்பில் அகலமான கல்லில் தண்ணீர் ஊற்றிக் காய வைத்துப் பார்க்கலாம். குமிழி எழும் வட்டத்தின் அளவே சுருளின் அளவு.

அடுத்தது சுவர். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கும் செல்போன் சார்ஜருக்கும் போட்ட சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் மாற்றுப் பின் போட்டு இண்டக்‌ஷனைச் செருகுவதுதான் வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. முதல் நாள் ஒன்றும் ஆகாது. சில வாரத்தில் பிளக் முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். ஊர் வழக்கில் பதினஞ்சு ஆம்ப்ஸ் என்று சொல்லப்படும் பெரிய பிளக், அதற்கு மெயின் போர்டிலிருந்து தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் ஆகியவை வேண்டும். இரண்டு அடுப்பு பதித்த ஹாப் வாங்குவோர் 4 சதுர மில்லிமீட்டர் வயரும், மீட்டர் தாங்கும் சுமையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தேரடித் தெரு, பே கோபுரத் தெருப் பக்கத்துப் பழைய வீடுகளில் தலைமுறைக்கு முன் போட்ட வயரிங் இருந்தால் எலெக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பது அடுப்பு வாங்குவதற்கு முந்தைய வேலை. ஈரக் கையோடு புழங்கும் இடம் சமையலறை. 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போர்டில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்த நிலையிலும் கூடாது.

மூன்றாவது, கரண்ட் பில். காஸுக்கும் மின்சாரத்துக்கும் எது மலிவு என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொதுவான பதில் கிடையாது. கணக்கு இப்படிப் போகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. காஸ் அடுப்புக்கு இந்தியத் தரக் குறியீடு கோரும் வெப்பத்திறன் 68 விழுக்காடு. மற்றது பாத்திரத்தின் பக்கவாட்டில் கழிந்துவிடும். இண்டக்‌ஷனில் சுமார் 85 விழுக்காடு பாத்திரத்துக்குப் போகிறது என்று கொண்டால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு 145 யூனிட் போதும். சிலிண்டர் விலையை 900 ரூபாய் என்று வைத்தால், யூனிட் 6 ரூபாய் 20 காசுக்குக் கீழே கிடைக்கும்வரை மின்சாரம் லாபம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு 400 யூனிட் வரை யூனிட்டுக்குச் சுமார் 4.75 ரூபாய், 401 முதல் 500 வரை 6.40 ரூபாய்க்கு நெருக்கம், 500-ஐத் தாண்டினால் எட்டரை ரூபாய்க்கு நெருக்கம் என்று படிப்படியாக ஏறுகிறது. மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி விலைச் சலுகையும் உண்டு. 500-ஐத் தாண்டிய மறுகணம் அந்தச் சலுகையும் போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு 120 யூனிட்டும் ஒரு சிலிண்டரும் செலவழிக்கும் முதிய தம்பதி இண்டக்‌ஷனுக்கு மாறினால் கூடுதல் 145 யூனிட்டுக்கு ஏறத்தாழ 500 ரூபாய்தான் ஆகும். சிலிண்டரோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம். 300 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கூடுதல் செலவு 760 ரூபாய் அளவில் வரும், சற்று லாபம். ஏ.சி. ஓடி ஏற்கெனவே 450 யூனிட் தொடும் வீட்டில் அதே சமையல் பில்லை 1,350 ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும். அந்த வீடு கோடை முடியும்வரை காஸிலேயே சமைப்பது புத்திசாலித்தனம். கடைசி மூன்று நான்கு பில்களை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் கூட ஆகாது. வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. பல வீடுகளில் உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வசூலிக்கிறார். இலவச யூனிட்டும் சலுகையும் குடித்தனக்காரர் கைக்கு வருவதில்லை. அந்த விலை 8 ரூபாயாக இருந்தால் இண்டக்‌ஷனில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வசதிக்காக வாங்கலாம், மிச்சத்துக்காக அல்ல. இரண்டு மூன்று மாதம் தங்கிப் போகிறவர் அறை பேசும்போதே யூனிட் விலையைக் கேட்டுவிடுவது நல்லது.

விலையை நம்பி அவசரப்பட்ட அனுபவம் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறுதான் என்று மத்திய அரசு வரம்பு கட்டியபோது இண்டக்‌ஷன் அடுப்புக்கு நாடெங்கும் கிராக்கி எழுந்தது. அதே மாதங்களில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. வாங்கிய அடுப்பு பரணுக்குப் போனது. 2013 ஜனவரியில் வரம்பு ஒன்பதாகவும், 2014-இல் பன்னிரண்டாகவும் தளர்ந்தது. அன்றைய மின்வெட்டு இன்று இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகல் வரை வராத நாள் உண்டு, மழைக்காற்றில் மரக்கிளை விழும் இரவுகளும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனையும் விளக்கையும் தாங்குமே தவிர, 2,000 வாட் அடுப்பைத் தாங்காது. ஆகவே குடும்பமாக இருக்கும் வீட்டுக்கு இண்டக்‌ஷன் இரண்டாவது அடுப்பாக இருப்பதே பொருத்தம். தனியாகவோ இருவராகவோ இருந்து, அன்னதானமும் ஓட்டலும் எட்டும் தூரத்தில் உள்ளவர்கள் அதையே முதல் அடுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

தீ இருந்தால்தான் நடக்கும் வேலைகளும் வீட்டில் சில உண்டு. கத்தரிக்காய் சுடுவது, அப்பளம் சுடுவது, ஃபுல்கா உப்ப வைப்பது, வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கரியைக் கங்காக்குவது எல்லாம் காஸ் அடுப்பில்தான். பெரிய அளவில் சமைக்கும் இடங்களுக்கு 3,500, 5,000 வாட் இண்டக்‌ஷன்கள் இருக்கின்றன. உருண்டை அடி வாணலி உட்காரக் குழிந்த கண்ணாடி கொண்டவையும் கிடைக்கின்றன. அவற்றுக்கு வணிகக் கட்டணமும், தேவைப்பட்டால் மும்முனை இணைப்பும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு அடுப்பு. ஒற்றை இண்டக்‌ஷன் 2,000 ரூபாய்க்குப் பக்கத்தில் தொடங்குகிறது. தொடு பட்டன் வைத்த மாதிரிகள் பார்க்க அழகு. ஆனால் மாவுக் கையும் ஈரக் கையுமாக நிற்கும்போது தொடுவதை உணராமல் அடம்பிடிக்கும். அமுக்கும் பட்டன் உள்ளது நடைமுறைக்கு நல்லது. கண் மங்கிய முதியவருக்கு எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும்; எத்தனை நிமிடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் டைமர் கட்டாயம் வேண்டும். இட்லி, தோசை, பால், பொரியல் என்று படம் போட்ட பட்டன்கள் எத்தனை இருந்தாலும் அவை பெரும்பாலும் வெவ்வேறு வாட் அளவுகள்தாம். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

குறைந்த சூடு எப்படி என்பதைத்தான் கேட்க வேண்டும். மலிவான அடுப்பு குறைந்த அளவில் சீராக எரிவதில்லை. முழுச் சூட்டில் சில நொடி ஓடி, சில நொடி நின்று, மறுபடி ஓடும். பால் திடீரென்று பொங்குவதும், பருப்பு அடிப்பிடிப்பதும் இதனால்தான். பாத்திரம் மெல்லியதாக இருந்தால் இந்தக் குறை கூடும். அடி கனமாக இருந்தால் மறையும். எண்ணெய்ச் சட்டியில் இன்னும் கவனம் தேவை. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையில் தீபம் தெரிவதற்குள் நைவேத்தியத்துக்கு அப்பம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மெல்லிய சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி முழு வாட்டில் வைத்துவிட்டுக் கோலம் போடப் போகக் கூடாது. இரண்டொரு நிமிடத்தில் எண்ணெய் புகையத் தொடங்கிவிடும். எரிகிற தீ கண்ணில் படாததால் அடுப்பில் சூடு இல்லை என்று மனம் நம்பிவிடுகிறது.

மின்னழுத்தம் தாழ்ந்தால் அடுப்பு பிழை எண் காட்டி நிற்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு. அழுத்தம் திடீரென்று எகிறினால் உள்ளே ஐ.ஜி.பி.டி. எனப்படும் பாகம் கருகிப்போகும். ரிப்பேருக்கு வரும் இண்டக்‌ஷன்களில் அடிக்கடி காணப்படும் பழுது இதுதான். ஆகவே பி.ஐ.எஸ். முத்திரையோடு, சர்வீஸ் சென்டர் ஊருக்குள்ளேயே இருக்கிறதா, வேலூருக்கோ விழுப்புரத்துக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் பில் போடும் முன் கேட்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் இண்டக்‌ஷனிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது எச்சரிக்கை. அத்தகையவரே வீட்டில் சமைப்பவர் என்றால் இன்ஃப்ராரெட் பாதுகாப்பானது.

வந்து சேர்ந்த அடுப்புக்குப் பின்பக்கம் ஒரு சாண் இடம் விட வேண்டும். உள்ளே இருக்கும் சிறு விசிறி அடியில் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் மூச்சு முட்டும். சமையல் முடிந்ததும் உடனே பிளக்கைப் பிடுங்காமல் விசிறி நிற்கும்வரை விட வேண்டும். கதகதப்பைத் தேடிக் கரப்பான் அந்த விசிறித் துளை வழியே உள்ளே போகும். மாதம் ஒருமுறை கவிழ்த்து பிரஷ்ஷால் தட்டிவிடலாம். போர் தண்ணீர் உப்பு கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் படிந்தால் எலுமிச்சைத் தோலால் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தால் போகும். கம்பி நார் கூடாது. இரும்புக் கல்லைக் கண்ணாடியில் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். மயிரிழை விரிசல் கண்டால் அன்றோடு அந்த அடுப்பை நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிக்கு நேர் கீழே மின்சாரம் ஓடும் சுருள் இருக்கிறது, பொங்கி வழியும் கஞ்சித் தண்ணீர் அந்த விரிசல் வழியே உள்ளே இறங்கும்.